பிள்ளையின் பிணைப்புக்கு மதிப்பெண் அட்டவணையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பகுதியில், பிள்ளைகளே நிரப்பும்படி ஒரு வினாப்படிவத்தையும் அதன் கீழே மதிப்பெண் அட்டவணையையும் வெளியிட்டிருந்தீர்கள். கூட்டுத்தொகை உயர்வாக வந்தால் பிள்ளையின் பிணைப்பு, அதாவது தன்னை வளர்ப்பவரை நம்பி நாடும் உறவு, பாதுகாப்பானது, கவலைப்பட ஏதுமில்லை என்று அங்கே எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

என் தங்கை காலமான பிறகு அவள் மகன் என்னிடம் வளர்கிறான். அவன் படித்த பள்ளியிலும் இத்தகைய படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். மனக்கஷ்டம் வந்தால் பெரியம்மாவிடம்தான் போவேன், எல்லாவற்றையும் அவரிடம் சொல்வேன் என்று எல்லா வரிகளிலும் உச்ச மதிப்பெண்ணுக்கே குறியிட்டிருந்தான். உடம்பு காய்ச்சலில் கொதிக்கும்போதுகூட என்னை எழுப்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளை அவன். இதைச் சொன்னபோது, படிவத்தில் குறை எதுவும் தெரியவில்லையே என்று ஆலோசகர் பேச்சை முடித்துவிட்டார். பின்னர் வேறோர் உளவியலாளர் அவனோடு தனியே உட்கார்ந்து, பெரியம்மாவோடு இருப்பது எப்படி இருக்கிறது என்று மூன்று சொற்களில் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த சம்பவம் ஒன்றைக் கேட்டார். அன்பு, ஜாலி, நல்லது என்று சொற்கள் தடையின்றி வந்தன. சம்பவம் ஒன்றுகூட வரவில்லை. உடம்பு முடியாதபோது யாரிடம் சொல்வாய் என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அந்த மௌனத்தைக் குறிக்க எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

ஒரு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து சற்று நேரம் பிரித்துப் பார்க்க உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் வகுத்த சோதனையில், தாய் அறையை விட்டுப் போனாலும் திரும்பி வந்தாலும் கண்டுகொள்ளாமல் விளையாட்டுச் சாமானிலேயே கண்ணாக இருந்த குழந்தைகளுக்கும் இதயத் துடிப்பு உயர்ந்திருந்ததை 1977இல் ஆய்வாளர்கள் ஸ்ரூஃபும் வாட்டர்ஸும் எடுத்துக்காட்டினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு வயதில் தவிப்பை மறைக்கப் பழகிய பிள்ளை, பத்து வயதில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று குறியிடவும் பழகியிருக்கலாம். யாரை நாம் முதலில் கவனிக்க வேண்டுமோ, அந்தப் பிள்ளையே படிவத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. இதனால்தான் உளவியலாளர்கள் டார்கெட், ஃபோனகி ஆகியோர் அடங்கிய குழு லண்டனில் உருவாக்கிய குழந்தைப் பிணைப்பு நேர்காணலில், பிள்ளை சொன்னதோடு நில்லாமல், சொன்ன விதத்தையும் சொல்லும்போது முகமும் உடலும் இருந்த நிலையையும் ஒளிப்பதிவில் பார்த்து மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும்; பயிற்சியற்றவர் கையில் அதுவும் வெறும் விசாரணையாகிவிடும். பெரியவர்களிடமே, நேர்காணலில் புலப்படும் நிலையும் படிவத்தில் அவர்களாகத் தெரிவிக்கும் நிலையும் மிகச் சொற்பமாகவே ஒத்துப்போகின்றன என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆய்வாளர் ரோய்ஸ்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது.

படிவத்துக்கும் ஓர் இடம் உண்டு. பெற்றோரைப் பற்றிப் பிள்ளை தன் அறிவுக்கு எட்டியவரை என்ன நினைக்கிறது என்பதை, பலரை ஒன்றாக வைத்து ஆராய்வோருக்கு அது காட்டும். உளவியலாளர் கேத்ரின் கெர்ன்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட 15 கேள்விகள் கொண்ட அளவுகோலில், சில பிள்ளைகள் இப்படி, வேறு சில பிள்ளைகள் அப்படி, நீ யாரைப் போல என்று கேட்கும் முறை கையாளப்பட்டது. எந்த விடையும் தவறாகத் தோன்றாதபடி அத்தனை கவனத்தோடு அமைத்ததை, ஆம், இல்லை என்று சுருக்கி, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பச் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கையில் அம்மாவை நம்பவில்லை என்று எந்தப் பிள்ளை குறியிடும்?

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிணைப்பு தளர்ந்துவிடும் என்ற கட்டுரை வந்தபோதும் எழுதினேன்; பதில் இல்லை. பிள்ளைகளை நான்கு வகையாகப் பிரித்து ராசிபலன் பாணியில் குணம் சொன்ன தொடரைப் பற்றியும் எழுதினேன், அக்கடிதமும் வெளிவரவில்லை. இந்தப் படிவத்திலோ எல்லாக் கேள்விகளிலும் அம்மா மட்டுமே இருக்கிறார். அப்பாவிடம் வளரும் பிள்ளையும் என் தங்கை மகனும் அந்த இடத்தில் யாரை நினைத்து விடை எழுதுவார்கள் என்று அச்சுக்குப் போகுமுன் ஒருவருக்கும் தோன்றாதது எனக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

அடுத்த இதழில் அந்த மதிப்பெண் அட்டவணையை விலக்கிக்கொள்வதாக ஓர் அறிவிப்பும், படிவத்தில் உயர்ந்த மதிப்பெண் வந்திருந்தாலும் பிள்ளையின் நடத்தை கவலை தந்தால் பயிற்சி பெற்றவரை அணுகலாம் என்று ஒரு வரியும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி