கூடாரத்தை விடுங்கள், கான்ஸ்டன்ஸைப் பற்றிச் சொல்லுங்கள்

தமிழில் உலக வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிசிலி இளவரசி கான்ஸ்டன்ஸ் பற்றிப் பேசினால் நீங்கள் எதில் தொடங்குவீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. கன்னிமடத்திலிருந்து இழுத்து வந்து கல்யாணம் கட்டிவைத்தார்கள். நாற்பது வயதில் கர்ப்பம். ஊர் நம்ப வேண்டுமே என்று இத்தாலியின் யேசி நகரச் சந்தையில் கூடாரம் அடித்து, எல்லாரும் பார்க்கப் பிள்ளை பெற்றார். முகப்புப் படத்துக்கு அருமையான சரக்குதான். ஆனால் அவர் காலத்துச் சான்றுகளில் துறவு பற்றிப் பேச்சே இல்லை. கூடாரமும் பின்னால் வந்த கதை. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியில் அவரைத் துறவியாகக் காட்டியபோது, அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஓர் அரசகுமாரி முப்பது வயதுவரை ஏன் மணமாகாமல் இருந்தார் என்ற கேள்விக்குப் பிற்காலத்தவர் சொல்லிக்கொண்ட பதில்தான் கன்னிமடம் என்று நினைக்கிறேன்.

உண்மையான முடிச்சு வாரிசுரிமையில் இருக்கிறது. சிசிலியையும் தென் இத்தாலியையும் ஆண்ட அப்பா இரண்டாம் ரோஜர் 1154 பிப்ரவரியில் இறந்தார். இவர் பிறந்தது அதே ஆண்டு நவம்பரில். அண்ணன் முதலாம் வில்லியம் ஆண்டார், அப்புறம் அவர் மகன் இரண்டாம் வில்லியம். அத்தையைவிட மருமகனுக்கு வயது கூட! அந்த மருமகன்தான், தனக்குப் பிள்ளையில்லாமல் போனால் அத்தைக்கே அரசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1186 ஜனவரியில் மிலானில் திருமணம். மாப்பிள்ளை ஜெர்மானியப் பேரரசரின் மகன் ஹென்றி, பதினொரு வயது இளையவர்.

1189இல் வில்லியம் பிள்ளையில்லாமல் இறந்ததும் சத்தியம் காற்றில் போயிற்று. ஜெர்மானியர் ஆட்சி பலருக்குப் பிடிக்கவில்லை. வடக்கிலும் தெற்கிலும் ஒரே குடும்பம் உட்கார்ந்தால் நடுவில் மாட்டிக்கொள்வோம் என்று போப்புக்கும் பயம். ரோஜரின் மூத்த மகனுக்கு முறைப்படி மணமாகாத உறவில் பிறந்த தாங்க்ரெத்துக்கு முடி சூட்டிவிட்டார்கள். 1191இல் ஹென்றி படையெடுத்து வந்து, நேப்பிள்ஸ் முற்றுகையில் நோய் பரவித் திரும்ப, சலெர்னோவில் இருந்த கான்ஸ்டன்ஸை ஊர்க்காரர்களே தாங்க்ரெத்திடம் ஒப்படைத்தார்கள். பேரரசி கைதியானார். போப்பின் வற்புறுத்தலால் ரோமுக்கு அனுப்பும் வழியில்தான் பேரரசின் வீரர்கள் அவரை மீட்டார்கள். இதைவிடவா உங்களுக்குப் பரபரப்பு வேண்டும்?

தாங்க்ரெத் 1194இல் இறந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் ஹென்றிக்கு முடிசூட்டு. மறுநாள் யேசியில் மகன் பிரெடரிக் பிறந்தான். குழந்தையே கான்ஸ்டன்ஸுடையதல்ல என்று எதிரிகள் கிளப்பிய பேச்சு பிரெடரிக்கை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. கூடாரக் கதையைச் சொல்லும்போது நாமும் அந்தப் பேச்சைத்தான் சுமக்கிறோம்.

நீங்கள் யாரும் நின்று பார்க்காத பகுதி அடுத்தது. 1197 செப்டம்பரில் ஹென்றி இறந்தார். கணவரோடு வந்த ஜெர்மானியத் தலைவர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார் கான்ஸ்டன்ஸ். மகனைத் தன்னிடம் வரவழைத்து, 1198 மே 17 அன்று பலெர்மோவில் சிசிலிக்கு அரசனாக முடிசூட்டினார். ஜெர்மனியில் அவனுக்கென்று ஏற்கெனவே தேர்ந்து கொடுத்திருந்த அரசுப் பட்டத்தை அப்படியே கைவிட்டார். கணவர் குடும்பத்தின் பேரரசுக் கனவு வேண்டாம், அப்பாவின் நாடு பிள்ளைக்கு நிலைத்தால் போதும் என்ற கணக்கு அது. திருச்சபை விஷயத்தில் பழைய உரிமைகள் சிலவற்றைப் போப்பிடம் விட்டுக்கொடுக்க வேண்டியும் வந்தது. கடைசியில் அந்தப் போப் மூன்றாம் இன்னசென்டையே மகனுக்குக் காவலராக வைத்துவிட்டு, அதே ஆண்டு நவம்பர் 27இல் இறந்தார். பையனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. அவன் பிற்பாடு பேரரசனும் ஆனான், அம்மா விரும்பியதற்கு நேர்மாறாக.

அடுத்த முறை அந்தப் பதினான்கு மாதங்களிலிருந்து தொடங்குங்கள். காட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ரோஜர், ஹென்றி, கான்ஸ்டன்ஸ், பிரெடரிக் நால்வரின் கல்லறைகளும் பலெர்மோ பேராலயத்திலேயே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர் ஒருவர்