ஒரு கணினிக்கு ஓர் ஆன்டிவைரஸ்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பொருள்: வீட்டுக் கணினி – ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ் வைத்திருத்தல் – தொடர்பாக

அன்புடையீர்,

வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், பதினோராம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார் மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்து என் அறைக்கு எடுத்து வந்தார். "சார், இது மூத்தவளுக்கு கவர்மென்ட்ல கொடுத்தது. ஆன் பண்ணிட்டுப் போனா சோறு வடிச்சு இறக்குற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கு. இவ புராஜெக்ட் பண்ண மாட்டேங்குறா, கேட்டா கம்ப்யூட்டர் மேல பழியப் போடுறா" என்றார். அவருடைய கோபமெல்லாம் மகள் மேல்தான்.

எங்கள் கணினி ஆசிரியர் திறந்து பார்த்தார். பிள்ளை சொன்னது உண்மை. 2 ஜி.பி. ரேம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்) மட்டுமே உள்ள அந்தப் பழைய கணினிக்குள் மூன்று ஆன்டிவைரஸ்கள் இருந்தன. ஒன்று ரிப்பேர் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. இன்னொன்று எதிர்வீட்டு அண்ணன், "இது ஃப்ரீ, நல்லா இருக்கும்" என்று ஏற்றியது. மூன்றாவது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேறு ஏதோ மென்பொருளை டவுன்லோடு செய்தபோது, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தியதில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரண்டை நீக்கியதும் கணினி மூச்சு விட்டது. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அதுதான்.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். என் வீட்டுக் கணினியிலும் சில காலம் முன்புவரை இரண்டு இருந்தன. வாசலுக்கு இரண்டு பூட்டு போட்டால் கூடுதல் பத்திரம் என்ற கணக்குதான். ஆனால் பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், ஆன்டிவைரஸ் அப்படி இருக்காது. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போதும், சேமிக்கும்போதும், பென் டிரைவைச் செருகும்போதும் அது குறுக்கே வந்து நின்று சோதித்துவிட்டுத்தான் வழிவிடும்.

தேர்வு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக் கண்காணிப்பாளர் மாணவனின் ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். அதே அறையில் இன்னொருவரும் இருக்கிறார், அவருக்கு இவர் யாரென்றே தெரியாது. "யாரோ ஹால் டிக்கெட்டை எடுக்கிறார்களே" என்று அவரும் வந்து பிடித்து இழுக்கிறார். மாணவன் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், மணி ஓடுகிறது. கணினிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒரு கோப்பைச் சோதிக்க முதல் ஆன்டிவைரஸ் அதைத் திறக்கிறது. திறந்ததைக் கண்டு இரண்டாவதும் சோதிக்க வருகிறது. சில நேரம் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு இரண்டும் அப்படியே நின்றுவிடும், திரையும் உறைந்துவிடும்.

வைரஸ் நிஜமாகவே வந்துவிட்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒன்று அதைப் பிடித்துத் தனியறையில் பூட்டி வைக்கும். மற்றது அந்தப் பூட்டிய அறைக்குள் எட்டிப் பார்த்து, "இங்கே வைரஸ் இருக்கிறது" என்று கூச்சல் போடும். நீங்கள் நீக்கச் சொல்வீர்கள், முதலாவது விடாது, மறுநாளும் அதே எச்சரிக்கை வரும். வைரஸ் போகவே மாட்டேன் என்கிறது என்று பயந்து மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்கள் மற்றவற்றைப் போல மேலோட்டமாக உட்காருவதில்லை, விண்டோஸின் அடிமடி வரை போய் உட்காருகின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஓர் அப்டேட்டில் வந்த பிழையால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு முடங்கின. நம் விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் பயன்படுத்துவது, வீடுகளுக்கானதல்ல. ஆனாலும் அவ்வளவு ஆழத்தில் ஒன்று இருப்பதே பெரிய பொறுப்பு என்றால், இரண்டை வைத்து மோதவிடுவானேன்?

சரி, எதை வைத்துக்கொள்வது? பல பெற்றோர் தொலைபேசியில் கேட்டுவிட்டீர்கள். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, தனியாகக் காசு இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அதை யாரும் மதித்ததில்லை. இன்று ஜெர்மனியின் ஏ.வி.-டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்களில் காசு கொடுத்து வாங்குபவற்றுக்கு இணையாக மதிப்பெண் எடுக்கிறது. பிள்ளைகளின் பாட வேலைக்கு அது போதும் என்பது என் கருத்து. வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியிருந்தால் அதையே வைத்திருங்கள். அதைக் கண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதை நீக்கினால் தானாகத் திரும்பி வேலையைத் தொடங்கும். எனவே டிஃபெண்டரும் மற்றொன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து வாங்கி ஏற்றிய இரண்டு ஒன்றாக இருப்பதுதான் சிக்கல்.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்பதை அழுத்துங்கள். பெயர்கள் வரிசையாக வரும். வேண்டாததை முறைப்படி 'அன்இன்ஸ்டால்' செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள படத்தை மட்டும் அழித்துவிட்டு "எடுத்துவிட்டேன்" என்று வரும் பிள்ளைகள் நிறைய. அது வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்பது போல. சில ஆன்டிவைரஸ்கள் நீக்கிய பிறகும் மிச்சத்தை விட்டுப்போகும். அதைத் துடைக்க அந்தந்த நிறுவனமே தனிக் கருவி தருகிறது. புதுக் கணினியோடு சோதனைக் காலத்துக்கு மட்டும் வரும் ஆன்டிவைரஸ்களையும் கவனியுங்கள். கெடு முடிந்த பிறகும் இடத்தை விட்டு நகராமல், பணம் கட்டு என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் வந்தால் இரண்டாவது டாக்டரிடம் காட்டுவதில்லையா என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. காட்டலாம், ஆனால் அவரை வீட்டோடு குடிவைக்கக் கூடாது. அழைத்தால் மட்டும் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகும் கருவிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அப்படி ஒன்று. டவுன்லோடு செய்த பத்து நாளில் காலாவதியாகிவிடும், தேவைப்பட்டால் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவும் இலவசக் கருவிகள் தருகிறது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது 'கிராக்'. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையோ விளையாட்டையோ இலவசமாக எடுக்கும் பிள்ளைகளுக்கு அதில் முதலில் வரும் குறிப்பே, "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்பதுதான். திருடன் வந்து, நாயைக் கட்டிப்போடுங்கள் என்று கேட்டால் நாம் கட்டிப்போடுகிறோம். ஐந்து ஆன்டிவைரஸ் வைத்திருந்தாலும் ஐந்தையும் நாமே அணைத்துவிட்டால் என்ன பயன்? இதைப் பிள்ளைகளிடம் நாங்கள் வகுப்பில் சொல்கிறோம், நீங்களும் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலும் கோப்புகள் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்ய வேண்டாம். அந்த ஷார்ட்கட்டுகளை அழுத்தவும் வேண்டாம், பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

"உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று இணையத்தில் திடீரென்று குதிக்கும் சிவப்புப் பெட்டி, ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாய். அதில் உள்ள எண்ணுக்கு ஃபோன் செய்து பணம் போனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

விண்டோஸ் அப்டேட் வந்தால், நெட் டேட்டா தீர்ந்துவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாக்ரை வைரஸுக்கான தடுப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டின. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள் தருவது, 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் கவனத்தில் கொள்ளுங்கள். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த பிள்ளைகள் வாங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தர எங்கள் கணினி ஆசிரியர் தயாராக இருக்கிறார், ஆனால் முதலில் உங்கள் படங்களை வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 10 முதல் மதியம் 1 மணி வரை கணினி ஆய்வகம் திறந்திருக்கும். கட்டணம் எதுவும் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. சார்ஜரை மறக்காதீர்கள், போன முறை ஆறு பேர் மறந்துவிட்டு வந்து, ஒரே சார்ஜருக்கு வரிசையில் நின்றார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்