நீ விட்டுப்போன கோஸ்ட்

கிருஷ்ணகிரி
மாசி, ஞாயிறு ராத்திரி

கண்ணு,

நல்லா இருக்கியா? இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமா தோப்பில் பெங்களூரா மாம்பிஞ்சு பிடித்துவிட்டது. போன வாரக் காற்றில் கொஞ்சம் கொட்டியது, நிற்கிறதே போதும் என்கிறார். அம்மா வடு மாங்காய்க்கு உப்பு வாங்கி வைத்தாயிற்று. புனேவுக்கு ஒரு பாட்டில் வரும்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது நாலு ராத்திரி டெக்கன், அந்தச் சண்டை வீடியோ கேம், ஆடினாய். நான் பின்னால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எலிமினேட்டர், கார்யு என்கிற இரண்டு ரேங்குக்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாய். கடைசி ராத்திரி ஜாய்ஸ்டிக்கைக் கட்டில்மேல் வீசினாய். "ஜாய்ஸ்டிக் என்னடா பண்ணுச்சு உன்னை?" என்று அம்மா கேட்டாள். "நெட் லேக், அமுக்கினது லேட்டாப் போகுது" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நீ பஸ் ஏறணும், எதுக்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ இங்கே விட்டுப்போன பிளேஸ்டேஷனை நான் மூடி வைக்கவில்லை. கடையை எட்டரைக்கு அடைத்து, சாப்பிட்டுவிட்டு, தினமும் உன் கோஸ்ட்டோடு ஆடுகிறேன். நீ ஆடுவதைப் பார்த்து உன்னைப் போலவே ஆட அந்த எட்டாவது டெக்கன் ஒரு பொம்மையைப் பழக்கி வைத்திருக்கிறதே, அதனோடுதான். "நடுராத்திரியில பேயோட என்ன சண்டை" என்கிறாள் அம்மா. அவளுக்கு அதை விளக்கிச் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் அது உன் ஆள் ஹ்வோராங்கை, அந்த உதைக்காரனை, எடுத்துக்கொண்டு உதைமேல் உதையாக வரும்போது, பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. அதே அவசரம்.

ரீப்ளேயில் கிடந்த உன் ஆட்டங்களையும் போட்டுப் பார்த்தேன். பழைய வீடியோ கேம் கடையின் கடன் நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது, அதில் கணக்கு எழுதினேன். நாற்பது ரவுண்டு தோற்றிருக்கிறாய். எதிராளி பெரிய காம்போ, விடாத தொடர் அடி, போட்டுத் தோற்கடித்தது அதில் எட்டோ ஒன்பதோதான். இருபத்தாறு ரவுண்டில் நடந்தது ஒரே விஷயம். நீ உதைத்தாய், அவன் பிளாக் செய்தான், நீ மறுபடியும் உதைத்தாய். அந்த இரண்டாவது உதை கிளம்புவதற்குள் அவன் குத்து வந்து விழுந்துவிட்டது. லேக் என்று நீ சொன்னது இதைத்தான்.

அந்தக் கடை நடத்திய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்ததுதான். இப்போது உன் பிராக்டிஸ் மோடே நம்பர் போட்டுக் காட்டுகிறது. திரையில் ஒரு நொடிக்கு 60 படம், அதில் ஒன்றுதான் ஒரு ஃபிரேம். சாதாரணக் குத்து, நீங்கள் ஜாப் என்கிறீர்களே அது, பெரும்பாலான ஆட்களுக்கு 10 ஃபிரேமில் போய்ச் சேருகிறது. ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. எம்பி உதைக்கிற உதை 15 ஃபிரேம். அது பட்டால் ஆள் ஆகாயத்தில், சரி. ஆனால் எதிராளி பிளாக் செய்துவிட்டால், உதைத்தவன் நிலைக்கு வர அநேகமாக 13 ஃபிரேம் பிந்துகிறான். 13 ஃபிரேம் அவன் கட்டிப்போட்ட ஆடு மாதிரி. 10 ஃபிரேம் குத்து தாராளமாக உள்ளே போகும், தடுக்கவே முடியாது. எதிராளிகள் உன்னிடம் அதை வசூலித்துக்கொண்டே இருக்கிறார்கள். நீ யாரிடமும் வசூலிக்கவில்லை. நாற்பது ரவுண்டில் அவர்கள் எம்பி உதைத்து நீ பிளாக் செய்த இடங்களையும் எண்ணினேன். ஒரு தடவைகூட நீ திருப்பிக் குத்தவில்லை. பிளாக் ஆனதைக் கண்டு நீயே ஆச்சரியப்பட்டுவிட்டு, அடுத்த உதைக்குப் போயிருக்கிறாய்.

லாரிப் பட்டறைப் பையன் கதையை உனக்குச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. 1999. ரவுண்டானாவிலிருந்து பழையபேட்டை போகிற வழியில் நம் வீடியோ கேம் கடை. மூன்று பெட்டி டிவி, மூன்று பிளேஸ்டேஷன். பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தேன். லென்ஸ் தேய்ந்துபோனால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டுவோம். டெக்கன் 3 வந்த பிறகு கார் ரேஸை யாரும் சீந்தவில்லை. அரை மணிக்குப் பத்து ரூபாய். தோற்றவன் எழுந்திரிக்கணும், அடுத்து உட்கார்கிறவன் காசு வைக்கணும், ஜெயித்தவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அது நான் வைத்த சட்டம் இல்லை, பையன்களே வைத்துக்கொண்டது.

அப்போது ஊரே டெக்கனில் எடி கார்டோ என்கிற ஆளைத்தான் எடுக்கும். உதைக்கிற இரண்டு பட்டனையும் மாற்றி மாற்றித் தேய்த்தால் போதும், அவன் பாட்டுக்குத் தலைகீழாகச் சுழன்று சுழன்று அடிப்பான். ஒன்பதாங்கிளாஸ் பையன் ஒருவன் எடியை வைத்து ஒரு மாதம் யாரையும் நாற்காலியில் உட்கார விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பையன் வந்தான். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப்பையில் ஒரே ஒரு பத்து ரூபாய். தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த ஞாயிறுதான் மறுபடி. அதனாலேயோ என்னவோ அவன் அவசரப்படவே மாட்டான். நின்றான். பிளாக் செய்தான். எடியின் கால் தரைக்கு வருகிற நேரத்தில் ஒன்று, இரண்டு என்று குத்தினான். மறுபடி நின்றான். சுற்றி நின்றவர்களுக்குக் கடுப்பு. "டேய், இவன் ஆடவே மாட்டேங்கிறான்டா" என்று கத்தினார்கள். அவன் கையில் இருந்தது மொத்தம் நாலு அடி: ஒரு குத்து, ஒரு இடுப்பு உதை, ஒரு தாழ் உதை, ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற ஒரு த்ரோ. ஒன்றரை மணி நேரம் எழுந்திரிக்கவில்லை. பத்து ரூபாய்க்கு. அவனால் எனக்கு நஷ்டம், அதையும் சொல்லணும்.

டெக்கனில் ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டாலே ஆள் நின்றபடி பெரும்பாலான அடியைத் தடுத்துக்கொள்வான். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். உனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் வரவில்லை. கண் பார்த்து விரல் அசைய மனுஷனுக்குக் கால் நொடி ஆகும், 15 ஃபிரேம். 10 ஃபிரேம் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் ஆகாது, டெக்கன் சாம்பியன் அர்ஸ்லான் ஆஷாலும் ஆகாது. முன்னாலேயே தடுத்த நிலையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். உட்கார்ந்து தடுக்கணுமா நின்று தடுக்கணுமா என்றால், நில். சின்னத் தாழ் உதை காலைச் சுரண்டிவிட்டுப் போகும், போகட்டும். உட்கார்ந்திருக்கும்போது வயிற்றில் வாங்கினால்தான் ஆகாயத்துக்குப் போய்ப் பாதி ரத்தத்தோடு கீழே வருவாய். ஆளைப் புரட்டிப் போடுகிற பெரிய தாழ் அடிகள் பல மெதுவாக வரும். அவற்றைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொள்ளலாம். பிராக்டிஸ் மோடில் பொம்மையை அந்த ஒரு அடியையும் ஒரு இடுப்பு அடியையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நீ தடுத்துக்கொண்டே இரு. சலிப்பாகத்தான் இருக்கும்.

த்ரோவும் அப்படித்தான். உன் கோஸ்ட்டைப் பத்துத் தடவை பிடித்தால் ஒன்பது தடவை விழுகிறது. ஆளின் கையைப் பார். இரண்டு கையும் சேர்ந்து நீண்டால் இரண்டு குத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கு. ஒரு கை என்றால் ஒரு பட்டன்.

அர்ஸ்லான் ஆஷ் என்றதும் ஞாபகம் வருகிறது. லாகூர்க்காரர் 2019-இல் ஜப்பான் ஈவோவை, சண்டை கேம்களுக்கான பெரிய போட்டியை, ஜெயித்தார், அதே வருஷம் அமெரிக்க ஈவோவையும் ஜெயித்தார். அது வரைக்கும் கொரியாவும் ஜப்பானும்தான் டெக்கன் என்று இருந்தது. அந்த வீடியோக்களை நீதான் எனக்கு அனுப்பினாய், "காம்போ பாருப்பா" என்று. நான் பார்த்தது அவர் காலை. எதிராளி ஓர் அடி போடுகிறான், மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் அது காற்றில் போகிறது, அப்புறம்தான் இவர் கை எழும்புகிறது. எருது விடுகிற அன்றைக்கு நம் வீதியில் கழியோரம் நிற்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறாய். ஓட மாட்டார்கள். கொம்பு எவ்வளவு தூரம் எட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நீ எப்போதும் எதிராளியின் மூச்சு படுகிற தூரத்திலேயே நிற்கிறாய், ஒன்று அவன் சாகணும், இல்லை நீ சாகணும் என்று. இரண்டடி பின்னால் வரப் பழகு. பின், பின், கீழ்ப்பின், பின் என்று அந்தக் கொரியன் பேக்டாஷ். தினம் பத்து நிமிஷம், இடது பக்கம் நின்று ஐந்து, வலது பக்கம் நின்று ஐந்து. வலது பக்கம் நிற்கும்போது உன் ஆட்டம் பாதிதான். கடையில் முதல் நாற்காலிக்குத்தான் எல்லாரும் சண்டை போடுவார்கள், அவர்களை இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தால் தடவுவார்கள். நீயும் அந்த ஜாதி.

இந்த எட்டாவது ஆட்டத்தில் ஹீட் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் தடுத்தாலும் கொஞ்சம் ரத்தம் குறைகிறது. அடிக்கிறவனுக்குச் சலுகை. எனக்குப் பிடிக்கவில்லை. "இப்ப பிளாக்குக்கு மதிப்பே இல்லப்பா" என்று நீ சொல்வாய், தெரியும். மதிப்பு குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. என் கணக்கு நோட்டு சாட்சி.

இன்னொன்று சொல்லணும். சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

2006-இல் கடையை மூடி மொபைல் ரிப்பேருக்கு மாறினபோது ஒரு பிளேஸ்டேஷனை மட்டும் விற்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். உனக்கு ஐந்து வயசு. கடைக்குள் தூளியில் தூங்கின பிள்ளை, அந்தச் சத்தம் கேட்டாலே உனக்குச் சிரிப்பு. அப்போதும் ஹ்வோராங்தான் எடுப்பாய், "உதைக்கிற அண்ணன்" என்று. நான் எதிரில் உட்கார்ந்து எல்லா உதையையும் வாங்கிக்கொள்வேன். ஒரு நாள்கூடத் தடுத்ததில்லை. நீ துள்ளிக் குதிப்பதைப் பார்க்கணும், அதற்காக. ஏழு, எட்டு வயசு வரைக்கும் நம் வீட்டில் நீ தோற்றதே இல்லை. உன் உதையை எதிரில் இருக்கிறவன் தடுப்பான் என்பதே உனக்குத் தெரியாமல் வளர்த்துவிட்டேன். நோட்டில் அந்த இருபத்தாறைக் கூட்டி எழுதியபோது எனக்கு அதுதான் தோன்றியது. பட்டறைப் பையனை ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவன், சொந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால் கோபப்படாமல் கேள். ஒரு மாதம் ரேங்க் ஆடாதே, குயிக் மேட்ச் போதும். முதல் வாரம் காம்போவை மறந்துவிடு. எம்பி உதையைத் தடுத்ததும் ஒன்று-இரண்டு குத்து, அது மட்டும். ஜெயித்தாயா தோற்றாயா என்று எண்ணாதே, எத்தனை தடவை வசூலித்தாய் என்று எண்ணு. அடுத்த வாரம், உன் அடி பிளாக் ஆனதும் கையைப் பட்டனிலிருந்து எடு. நிஜமாகவே கட்டை விரலைத் தூக்கிவிடு. தோற்ற ஆட்டத்தை ரீப்ளேயில் போட்டால், பாதியில் நீயே உள்ளே புகுந்து ஆடிப் பார்க்கலாம். தவறவிட்ட இடத்தையும் அதுவே சொல்லும். எங்கள் காலத்தில் அந்தச் சலுகைக்கு எத்தனை பத்து ரூபாய் கொடுத்திருப்பார்களோ! அப்புறம் வைஃபையில் ஆடாதே, கேபிள் போடு. எதிராளிக்கும் அது தெரிகிறது, வைஃபை என்று பார்த்ததும் பலர் ஆட வருவதில்லை. டிவியில் கேம் மோடு இருக்கிறதா பார். இங்கே நம் டிவியில் அதை நான் போட்ட பிறகுதான் குத்து கைக்கு ஒட்டி வருகிறது. பொங்கலுக்கு அது அணைந்துதான் இருந்திருக்கிறது. அந்த மட்டுக்கும் நீ சொன்ன லேக் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஆடாதே, காலையில் வேலைக்குப் போகிறவன்.

ஜூனில் பழம் இறங்கும்போது நாலு நாள் லீவு போட்டு வா. வந்ததும் இந்தப் பிளேஸ்டேஷனில் உட்கார்ந்து பத்து ஆட்டம் ஆடி, கோஸ்ட்டைப் புதுசாக்கிவிட்டுப் போ. இதில் இருக்கிறது தை மாசத்து நீ. முதலில் பத்துக்கு இரண்டுதான் ஜெயித்தேன். இப்போது நின்று தடுத்துக் குத்தியே ஒன்பது ஜெயிக்கிறேன், அம்மாவே "பாவம், விடுங்க" என்கிறாள்.

அன்புடன்,
அப்பா