முடிச்சு போட்ட பெல்ட்

ஆசிரியருக்கு,

சரக்கு வாகனங்களில் கயிற்றுக்குப் பதில் ராட்செட் பெல்ட் (பற்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் பட்டை) வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். சரிதான், ஆனால் கட்டும் பழக்கமும் மாற வேண்டும். கயிற்றில் முடிச்சு போட்டுப் பழகிய கை பெல்ட்டிலும் முடிச்சு போடுகிறது. முடிச்சு விழுந்த பெல்ட்டின் பலம் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். திடீரென பிரேக் பிடித்தால் சரக்கு தன் எடையில் 80 சதவீத அளவு விசையோடு முன்னோக்கித் தள்ளும் என்று வைத்துத்தான் ஐரோப்பியத் தரவிதி (இஎன் 12195-1) கணக்குப் போடுகிறது. அதைப் பாதி பலம் எப்படித் தாங்கும்?

லாரியில் பல ஆண்டுகள் சரக்கு ஏற்றியவன் நான். ஒருமுறை இரும்புத் தகடுகளை நன்றாக இறுக்கிக் கட்டினோம். வழியில் இறங்கிப் பார்த்தால், தகட்டின் விளிம்பு உரசிய இடத்தில் பெல்ட் கத்தியால் அறுத்தது போல் பாதி கிழிந்திருந்தது. மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் காப்பு வைக்காத சோம்பேறித்தனம், வேறென்ன! புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் சரக்கு அமர்ந்து பெல்ட் தளரும். அப்புறம் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. கனரக வாகன உரிமத் தேர்வில் சரக்கைக் கட்டிக் காட்டுவதையும், பெல்ட்டில் உள்ள, அதன் தாங்குதிறன் அச்சிட்ட சீட்டைப் படித்துச் சொல்வதையும் சேர்க்கலாம்.

– ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்