வல்லாரையும் வாய்க்காலும்

சேகர்,

நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மீனா பேத்தியைப் பார்க்கப் பெங்களூர் போயிருக்கிறாள். குசலம் முடிந்தது.

நாலு மாசமாக உனக்கு எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, குற்ற உணர்ச்சி. அல்சைமர் வந்த உன் அம்மாவின் மூளைக்கு எடுத்த இரண்டு பெட் (PET) ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நீ வாட்ஸப்பில் அனுப்பினாயே: போன வருஷம் 1.46, இந்த வருஷம் 1.38. கீழே "வல்லாரை வேலை செய்யுதுடா!" நான் ஆட்டோவில் இருந்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனைப் பையில் போட்டுவிட்டேன்.

நேற்று அக்கா பேசினார். வல்லாரை அரைப்பது இருக்கட்டும், அவர்களுடைய ஞாபக மறதிக்கான டொனெபெசில் மாத்திரையையும் நிறுத்தப் போகிறாயாமே? "அவனே சரின்னுட்டான்" என்று என் பெயரையும் சொன்னாயாம். முப்பது வருஷம் பெட் ஸ்கேன் கணக்குப் போட்டே சோறு தின்றவன் நான். என் கட்டைவிரலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்காதேடா.

ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த எண், அல்சைமரில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதத்தின் எடை இல்லை, வெறும் விகிதம். ஊசியில் ஏற்றிய ஃப்ளோர்பெட்டாபிர் என்கிற கதிரியக்க மருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அமிலாய்டு உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்கிறது, மற்ற இடங்களிலிருந்து ரத்தமே அதைத் திரும்ப வாரிக்கொண்டு போகிறது. 50 நிமிஷம் கழித்துப் பத்து நிமிஷம் படம் எடுத்து, பெருமூளையில் தெரியும் அளவைச் சிறுமூளையின் அளவால் வகுக்கிறோம். எஸ்யூவிஆர் (SUVR) என்று ரிப்போர்ட்டில் போடுகிற எண் அவ்வளவுதான்.

உங்கள் தாத்தாவின் மடைச் சண்டையை நினைத்துக்கொள். மடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து வந்து, இரண்டு வயலிலும் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தே எது களி, எது மணல் என்று அவர் சொல்லிவிடுவாரா? தண்ணீர் வந்த வேகமும் வடிந்த வேகமும் அந்த ஈரத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாய்க்கால் தூர்ந்தால் ஈரம் குறையும். மண் அதே மண்தான்.

அல்சைமரில் ரத்த ஓட்டம் முதலில் குறையும் இடங்களில் மூளையின் பின்பக்க மேல்பகுதியும் ஒன்று. அமிலாய்டை அளக்கிற இடங்களில் அதுவும் உண்டு. ஆக, நோய் ஒரு படி முற்றினால்கூட எண் இறங்கி நம்மைச் சந்தோஷப்படுத்தலாம். ஸ்வீடனில் செலேன்யி, ஃபார்டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2015இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. அதுவரை நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டெல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

வழி இருக்கிறது. ஊசி போட்ட நொடியிலிருந்தே தொடர்ந்து படம் எடுக்க வேண்டும். முதல் சில நிமிஷங்களின் படம் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தைத்தான் காட்டும். முழு வளைகோடும் கையில் இருந்தால் ஓட்டத்தையும் ஒட்டலையும் பிரித்துவிடலாம். இதற்காக நான் வேலை பார்த்த இடத்தில் எத்தனை மீட்டிங்கில் கத்தியிருப்பேன்! "ஒரு பேஷண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷின் மாட்டிக்குமே சார்" என்று காப்பி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். வயதானவர்கள் அவ்வளவு நேரம் அசையாமல் படுப்பதும் கஷ்டம்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு முற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 0.08 வித்தியாசம் தலை வைத்த விதத்தால்கூட வந்திருக்கலாம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது எதையும் சொல்ல முடியாது. இன்னொன்று: டொனெபெசில் அமிலாய்டைத் தொடுகிற மருந்தே இல்லை. அது அசிட்டில்கோலின் சமாச்சாரம், நரம்புகள் ஒன்றோடொன்று பேச உதவுகிற ரசாயனம். அமிலாய்டு நிஜமாகவே குறைந்திருந்தாலும் அதை நிறுத்த இது காரணமாகாது. கணக்குப் புலிக்கு இது தெரிய வேண்டாமா?

மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேட்காமல் தொடாதே. இரண்டு ஸ்கேனின் சிடியையும் கூரியரில் போடு. ஆரம்ப நிமிஷப் படங்கள் அதில் இருந்தால் நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

அம்மா இப்போதும் காப்பியில் இரண்டு தரம் சர்க்கரை போடுகிறார்களா? என் பெயரைச் சொன்னால் "அந்த ஒல்லிப் பையனா" என்கிறார்களா? ரிப்போர்ட்டை விட்டுவிட்டு அதை எழுது.

ரங்கன்