பச்சை ஐந்தின் மேல் ஒரு சிவப்பு ஏழு

குளித்தலை,
திங்கள் காலை.

அன்புள்ள கயல்,

"ஊனோ எப்படி ஆடுறதுன்னே மறந்துபோச்சும்மா, நம்ம வீட்டுல எப்படி ஆடினோம்னு எழுதி அனுப்பு" என்று நேற்று கேட்டாய். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். பச்சை ஐந்து கிடக்கும்போது இனியன் சிவப்பு ஏழைப் போட்டான், கேட்டால் சரியாத்தான் போட்டேன் என்று சாதித்தான், பொய் சொல்லாதே என்று ஆட்டத்தைவிட்டு எழுப்பிவிட்டேன், அழுதுகொண்டே தூங்கிப்போனான் என்று. போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாவிடமும் ஒரு சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸாப்பில் அனுப்பினால் பஸ்ஸில் நின்றபடி பாதி படிப்பாய். அதனால் தபால்.

முதலில் நீ கேட்டது.

ஊனோ சீட்டுக்கட்டில் 108 சீட்டு. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தபோது, சீட்டாடுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று அப்பாயி பெட்டியையே தொடவிடவில்லை. ராஜா ராணி கிடையாது, காசு வைத்து ஆடுவதில்லை என்று எவ்வளவோ சொன்னோம். நூத்தியெட்டு சீட்டு என்று எண்ணிக் காட்டியதும்தான் சமாதானமானார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு நிறம். நிறத்துக்கு 25 சீட்டு. பூஜ்யம் ஒன்றே ஒன்று, 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, வேலை வைக்கிற சீட்டு மூன்று வகையில் இரண்டிரண்டு. இதுபோக எந்த நிறத்திலும் சேராத கறுப்புச் சீட்டு எட்டு. இப்போது கடையில் விற்கிற கட்டில் இன்னும் சில கறுப்புச் சீட்டு கூடுதலாக இருக்கும், குழம்பாதே.

கலைத்து ஆளுக்கு ஏழு. மிச்சத்தைக் கவிழ்த்து நடுவில் வைத்து, மேல் சீட்டைத் திருப்பிப் பக்கத்தில் போட வேண்டும். அதோடு நிறமோ எண்ணோ படமோ ஒத்துப்போகிற ஒன்றை உன் முறையில் இறக்கலாம். இல்லையென்றால் கட்டிலிருந்து ஒன்று எடு. எடுத்தது பொருந்தினால் அப்போதே போடலாம், பொருந்தாவிட்டால் அடுத்தவர் முறை. கையில் ஒரே சீட்டு மிஞ்சும்போது "ஊனோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்து, அடுத்தவர் ஆடத் தொடங்குவதற்குள் யாராவது கண்டுபிடித்துவிட்டால் இரண்டு சீட்டு தண்டம். அப்பாயிக்கு அந்தச் சொல் வாயில் நுழையாது, "ஒண்ணு!" என்றுதான் கத்துவார். நீங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாமல் தண்டம் போடச் சொல்வீர்கள். பிறகு நூலகத்தில் பார்த்தேன், இத்தாலி மொழியிலும் ஸ்பானிஷ் மொழியிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ஒன்று என்பதுதான். அப்பாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வேலை வைக்கிற சீட்டுகளுக்குப் பேர் வைத்தது அப்பாயிதான். குறுக்கே கோடு போட்ட வட்டம் "தாண்டு", அடுத்தவருக்கு அந்த முறை கிடையாது. எதிரும் புதிருமாக அம்பு இருப்பது "திருப்பு", ஆட்டம் வந்த திசையிலேயே திரும்பும். இரண்டே பேர் ஆடினால் திருப்பும் தாண்டு மாதிரிதான், போட்டவருக்கே மறுபடி முறை வரும். கூட்டல் இரண்டு "ரெண்டு மொய்". அடுத்தவர் இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு முறையையும் இழப்பார். கறுப்பில் நாலு சீட்டு ஜோக்கர், எப்போது வேண்டுமானாலும் போட்டு, பிடித்த நிறத்தைக் கேட்கலாம். மற்ற நாலும் "நாலு மொய்".

மொய் வாங்கியவர் கூடுதலாகத் திருப்பி வைப்பதுதானே முறை என்று அப்பாயி ஒரு சட்டம் கொண்டுவந்தார். ரெண்டு மொய் வந்தால் அதன் மேல் இன்னொரு ரெண்டு மொய் வைத்து நாலாக அடுத்தவர் தலையில் கட்டுவது. ஒரு தடவை அண்ணன் எட்டு சீட்டு வாங்கியது நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை அப்படிக் கிடையாது என்கிறார் என்றாய். அவர் சொல்வதுதான் அச்சிட்ட விதி. 2019ல் கம்பெனிக்காரர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது, வாங்கியவர் எடுத்தே ஆக வேண்டும் என்று. அதற்காக அப்பாயியின் சட்டத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீட்டுப் போடுவதற்கு முன்பே எந்தச் சட்டம் என்று பேசிக்கொள்ளுங்கள், அது போதும். இந்த ஆட்டமே ஒரு அப்பாவும் மகனும் போட்ட விதிச் சண்டையில் பிறந்ததுதான். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவருக்கும் அவர் மகனுக்கும் க்ரேஸி எய்ட்ஸ் என்ற சீட்டாட்டத்தில் விதி பற்றித் தகராறு. அதில் யோசித்து 1971ல் இதைச் செய்தார். குடும்பமே சேர்ந்து 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அச்சடித்து, முதலில் தன் கடையிலேயே வைத்து விற்றார்.

இப்போது நாலு மொய். இதைக் கவனமாகப் படி, இதில்தான் நான் சொல்ல வந்ததும் இருக்கிறது.

ஜோக்கர் மாதிரி இதை நினைத்தபோது போட முடியாது. கீழே கிடக்கிற நிறத்தில் ஒரு சீட்டுகூடக் கையில் இல்லாதபோதுதான் போடலாம். அடுத்தவருக்குச் சந்தேகம் வந்தால் "காட்டு" என்று கேட்கலாம். கேட்டவருக்கு மட்டும் கையைக் காட்ட வேண்டும். அந்த நிறம் இருந்தால் போட்டவரே நாலு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், கேட்டவருக்கு நாலோடு இரண்டு சேர்த்து ஆறு.

நீ நாலாவது படித்த கோடை விடுமுறை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இருக்காது, கூடத்தில் நாற்பது வாட் குண்டு பல்பு மினுங்கிக்கொண்டிருக்கும். பச்சை கிடந்தது. அப்பா நாலு மொய் போட்டார். அடுத்த ஆள் நான். காட்டுங்கள் என்றேன். கையில் இரண்டு பச்சை. "ரெண்டு பச்சையை வச்சுக்கிட்டா இதைப் போட்டீங்க? இது கள்ளாட்டம்" என்று உங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே நாலு எடுத்தார். அடுத்த ஆட்டத்திலும் அதேதான். நீயும் அண்ணனும் "அப்பா கள்ளாட்டம், அப்பா கள்ளாட்டம்" என்று கைதட்டிப் பாடினீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவர் ஆட உட்காரவில்லை. நான் கணக்கு எழுதுகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் கையில் மிஞ்சிய சீட்டையெல்லாம் கூட்டி ஜெயித்தவர் பேரில் எழுத வேண்டும். எண் சீட்டுக்கு அதன் எண், தாண்டு, திருப்பு, ரெண்டு மொய்க்கு 20, கறுப்புக்கு 50. முதலில் 500 தொட்டவருக்கு ஆட்டம். அந்த நோட்டை அப்பா அவ்வளவு அழகாக எழுதுவார், உனக்கும் நினைவிருக்கும். ஏன் எழுதப் போனார் என்று உனக்குத் தெரியாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் ஐந்து பைசா கூடக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன், பிள்ளைகளிடமா கள்ளாட்டம் ஆடுவார்? நீங்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சிவப்பு ஏழையும் பச்சை ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டும் ஆத்துச் சேறு மாதிரிதான் இருக்கு எனக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனாராம். புள்ளி புள்ளியாக இருக்கிற படத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். வரிசையில் முன்னால் நின்றவனெல்லாம் சட்டென்று சொன்னான். இவருக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள், இது என்ன ஏது என்று ஒருவரும் உட்கார்த்திச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் கண்ணில் கோளாறு என்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து அன்றைக்கு மூடிய வாயை என்னிடம்கூடத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை, கயல். சந்தையிலிருந்து காய்த் தக்காளியைக் கலந்து வாங்கிவந்தார் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். பழுத்தது எது என்று விரலால் அமுக்கித்தான் பார்ப்பார். அதை நான் சமர்த்துப் போதாது என்று நினைத்திருந்தேன்.

பிள்ளைகளிடம் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரியே கட்டை எடுத்து, சிவப்புக்கெல்லாம் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி, பச்சைக்கெல்லாம் ஒரு சாய்வுக் கோடு போட்டேன். இரண்டு நாள் கழித்து அப்பா நோட்டை மூடிவிட்டு ஆட வந்தார், வந்த வேகத்தில் ஜெயிக்கவும் செய்தார். புதுச் சீட்டில் கிறுக்கிவிட்டான் என்று நீ அண்ணனை அடித்தாய். நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அவனிடமும் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி போடப் போனபோது கண் டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத இந்த நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் வருவது என்றார். அப்பாவுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது மகளுக்குத்தான் போகும், மகனுக்குப் போகாது. அதனால் அண்ணனுக்கு அப்பாவிடமிருந்து இது வர வழியில்லை. உனக்கு அம்மாவிடமிருந்து வந்த இன்னொரு எக்ஸ் இருப்பதால் நிறம் சரியாகத் தெரிகிறது, ஆனால் அப்பாவுடையது உன்னிடம் இருக்கிறது. உனக்குப் பிறக்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் அது போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இனியன் பிறந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகப் பேசாமல் இருந்தேன். நேற்று ராத்திரி நீ சொன்னதைச் சொன்னதும், "பாவம், அந்தக் குழந்தைக்கு நான் பட்டது வேண்டாம், எழுது" என்றார்.

இனியனுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏழு வயதில் பிள்ளைகள் சும்மாவும் ஏமாற்றிப் பார்ப்பார்கள். ஆனால் சரியாத்தான் போட்டேன் என்று அழுதிருக்கிறானே, அதுதான் என்னை உறுத்துகிறது. நீயாக இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று சோதனை வைக்காதே. கண் டாக்டரிடம் கூட்டிப் போ. ஜப்பானைச் சேர்ந்த இஷிஹாரா என்ற டாக்டர் 1917ல் வெளியிட்ட புள்ளிப் படங்களை இன்றைக்கும் காட்டுகிறார்கள், கொஞ்ச நேர வேலை. அவனுக்கு இது இருந்தால்கூடப் பயப்பட ஒன்றும் இல்லை. பிறவியில் வருகிற இதற்கு மருந்து கிடையாது, ஆனால் வளர வளரக் கூடுவதும் கிடையாது. அப்பா இன்றைக்கும் காவிரிக்கு அக்கரையில் நிற்கிற ஆளை எனக்கு முன்னால் அடையாளம் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் மட்டும் சொல்லிவை. நிறம் தீட்டுகிற பாடத்திலும் வரைபடத்திலும் அவனைத் திட்டிவிடக் கூடாது. பென்சில் பெட்டியில் ஒவ்வொரு பென்சிலிலும் நிறத்தின் பேரை எழுதி ஒட்டிவிடு.

2017ல் ஊனோவிலேயே இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு கட்டு வந்தது. போர்ச்சுகல்காரர் ஒருவர் உருவாக்கிய குறிகள் அதில் இருக்கும். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நீலக் குறியையும் மஞ்சள் குறியையும் சேர்த்தால் பச்சை. எவ்வளவு அழகான யோசனை! கிடைத்தால் வாங்கு. அதற்குள் நம் வீட்டுக் கட்டை அனுப்புகிறேன். மஞ்சள் ஆறில் ஒன்று தொலைந்து 107தான் இருக்கிறது, அதற்குப் பதில் காலண்டர் அட்டையில் வெட்டிய சீட்டு ஒன்று உள்ளே இருக்கும்.

பழைய பேனா மை பாதி அழிந்துவிட்டது. அப்பா காலையிலேயே கடைக்குப் போய் அழியாத மார்க்கர் வாங்கி வந்துவிட்டார். நான் சிவப்பு தனி, பச்சை தனி என்று பிரித்துக் கொடுக்க, அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புள்ளியும் கோடும் வைத்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு முடிந்தது. பச்சையில் இன்னும் பதினோரு சீட்டு பாக்கி.

அன்புடன்,
அம்மா