வேண்டாத வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய நகைச்சுவைப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘ரோபோ ஜீ’ (2012) படத்துக்கு நான்கு வரி ஒதுக்கி, “சிரித்துவிட்டுப் போக வேண்டிய படம், இதில் பிரதிநிதித்துவம் தேடுவது வேண்டாத வேலை” என்று முடிக்கிறது. நாகோயா பக்கத்தில் தொழிற்சாலை ரோபோக்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவள் நான். அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்து போக என்னால் முடியவில்லை.

கதை தாங்கள் அறிந்ததுதான். செய்த ரோபோ கண்காட்சிக்கு முன்பே ஜன்னல் வழியே விழுந்து நொறுங்கிவிட, சின்னக் கம்பெனி ஒன்றின் மூன்று ஊழியர்கள் 73 வயது சுஸுகியை ரோபோ உடைக்குள் புகுத்தி மேடையேற்றுகிறார்கள். தனியாக வாழும் அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அதே மனிதர் தகரத்துக்குள் போனதும் நாடே கைதட்டுகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 29 பேர் இருக்கும் நாடு இது. இங்கே ரோபோ பற்றிய பேச்சில் முதியவர் எப்போதும் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்கப்பட வேண்டியவராகவே வருவார். இயக்குநர் ஷினோபு யாகுச்சி அவரை இயந்திரத்துக்கு உள்ளேயே வைத்து, இடுப்பு வலியோடும் முரட்டுப் பிடிவாதத்தோடும் படத்தையே அவரிடம் ஒப்படைத்தார். இது பிரதிநிதித்துவம் இல்லையென்றால் வேறு எது?

சுஸுகியாக நடித்தவரைத் தங்கள் கட்டுரை “ஒரு வயதான நடிகர்” என்று மட்டும் சொல்கிறது. அவர் மிக்கி கர்டிஸ். 1950களின் இறுதியில் ஜப்பானிய இளைஞர்களை ஆட்டிவைத்த ராக்கபில்லி (தொடக்ககால ராக் இசை வகை) பாடகர். ஆங்கிலேய, ஜப்பானிய ரத்தம் இரண்டும் கலந்த குடும்பத்தில் 1938-இல் பிறந்தவர். இந்தப் படத்தில் இகராஷி ஷின்ஜிரோ என்ற ஜப்பானியப் பெயரில் நடித்தார். கலப்பினப் பிள்ளைகளைச் சொந்த ஊரிலேயே விருந்தாளிகளாகப் பார்க்கும் சமூகத்தில், சராசரி ஜப்பானியத் தாத்தாவாக நிற்பவர் அவர். இதை எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா?

என்னை அதிகம் புண்படுத்தியது கட்டுரையோடு வந்த புகைப்படத்தின் கீழிருந்த குறிப்பு: “ரோபோவைக் காதலிக்கும் பெண்”. யூரிகோ யோஷிடாகா நடித்த அந்த யோகோ பொறியியல் மாணவி. ஒன்றும் தெரியாத அந்த மூவருக்கும் ரோபோவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதே அவளும் அவள் வகுப்பு மாணவர்களும்தான். நாரா மகளிர் பல்கலைக்கழகம் 2022-இல் பொறியியல் புலம் தொடங்கும்வரை, இந்த நாட்டின் எந்த மகளிர் பல்கலைக்கழகத்திலும் அது இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில், ரோபோவை இயக்கிப் பழக்கும் கைக்கருவியான டீச் பென்டன்ட்டை இடது கையில் தாங்கி, பாதுகாப்பு சுவிட்சைப் பாதி அழுத்தியபடி ரோபோக் கையை நகர்த்திக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, என் பக்கத்தில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த பயிற்சிப் பையனிடம், “இஞ்சினியர் எப்போது வருவார்?” என்று கேட்டார். பையன் என்னைக் கைகாட்டினான். அதன் பிறகும் அவர் கேள்விகள் எல்லாம் அவனிடமே போயின. என் அளவுக்குப் பாதுகாப்புக் காலணிகூட அங்கே இல்லை. இரண்டு ஜோடி காலுறை போட்டுத்தான் நின்றேன்.

2014 ஜனவரியில் ஜப்பானிய செயற்கை நுண்ணறிவுச் சங்கம் தன் சஞ்சிகை அட்டையில், முதுகில் வயர் செருகிய பெண் ரோபோவைத் துடைப்பத்தோடு நிறுத்தியது. எதிர்ப்பு கிளம்பியது. அப்போதே இது பற்றித் தங்களுக்கு எழுதினேன், வெளியாகவில்லை. தங்கள் மகளிர் தினச் சிறப்பிதழிலும் ரோபோ பற்றிய பக்கத்தில் பார்த்தது அழகுப் பதுமை முகங்களைத்தான். அவற்றைச் செய்யும் பெண் ஒருத்தியைக்கூடக் காணவில்லை.

படத்தில் எனக்கும் குறை உண்டு. ரோபோ செய்யப் பணிக்கப்பட்ட மூவருமே ஆண்கள். பெண் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. கட்டுரையாளர் அதைக் கேட்டிருந்தால் மனமார நன்றி சொல்லியிருப்பேன். கேட்பதே வீண் என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

நீண்ட நாள் வாசகி என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழில் அந்தக் குறிப்பை “பொறியியல் மாணவி யோகோ” என்று திருத்தி, அந்த நடிகரின் பெயரையும் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நாகோயா, ஜப்பான்